விதியும் விசிலும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். மொத்தம் 22. நாங்கள் போன அன்று மழை விட்டும் மூடுபனி விடவில்லை. பத்தடிக்கு அப்பால் பஸ்ஸின் விளக்குகூடத் தெரியவில்லை என்று மேலிருந்து இறங்கி வந்தவர்கள் சொன்னார்கள். பனி கலையட்டும் என்று கல்லாற்றுப் பக்கம் ஒரு சாயாக்கடையில் ஒதுங்கினோம்.

கடைச் சுவரில் மஞ்சள் நிறத்தில் ஒரு யானை. கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் சின்னம். பேச்சுக்கு இழுப்போமே என்று, "அந்த பெங்களூர் ஆட்டத்தை மறந்தாச்சா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எங்கள் டிரைவர் நெடுமங்காட்டுக்காரர். நாகர்கோவிலில் பத்து வருஷம் லாரி ஓட்டியவர் என்பதால் தமிழ் தடையில்லாமல் வந்தது.

"அது கோலே இல்ல சார். விசில் ஊதல. சுவர் நிக்கல. கோலி ரெடியாகல. அப்புறம் என்ன கோல்?"

கடைக்காரர் பெரியவர். சாயாவை ஆற்றிக்கொண்டே சமாதானம் சொன்னார்: "விடு மோனே. ஒரு சீசன்ல போனது இன்னொரு சீசன்ல வரும். பந்து உருண்டைதானே?"

டிரைவர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "வருமா சார்?"

மரியாதைக்கு, "வரும்" என்றேன். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

கால்பந்தில் அக்கறை இல்லாதவர்களுக்காகச் சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச் 3. பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா மைதானம். இந்தியன் சூப்பர் லீகில் நான்காவதாக வந்த பெங்களூருவும் ஐந்தாவதாக வந்த கேரளாவும் மோதிய வெளியேற்றச் சுற்று ஆட்டம். தோற்றவருக்கு அந்த ஆண்டு அத்துடன் முடிந்தது. 90 நிமிடம் வரை கோல் இல்லை. கூடுதல் நேரத்தின் ஏழாவது நிமிடவாக்கில் பெங்களூருவுக்குப் பெட்டிக்குச் சற்று வெளியே ஒரு ஃப்ரீ கிக். கேரள வீரர்கள் தடுப்புச் சுவருக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தபோதே சுனில் சேத்ரி பந்தைத் தட்டி வலைக்குள் அனுப்பிவிட்டார். நடுவர் கிறிஸ்டல் ஜான் கோல் என்றார். கேரளாவின் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் வீரர்களை மைதானத்தைவிட்டு வெளியே அழைத்துக்கொண்டார். அவர்கள் திரும்பவில்லை. பெங்களூரு 1-0 என்று வென்றதாக அறிவிக்கப்பட்டது.

பிறகு நடந்தவை பணக் கணக்கு. அந்த மாதக் கடைசியில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் கேரள அணிக்கு ரூ. 4 கோடி அபராதம் விதித்தது. பயிற்சியாளருக்கு ரூ. 5 லட்சம் அபராதம், 10 ஆட்டத் தடை. அணியும் பயிற்சியாளரும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். மேல்முறையீடு பலிக்கவில்லை.

நடுவர் செய்தது தவறா? ஃப்ரீ கிக் பெற்ற அணி, எதிராளிகள் தயாராகும் முன்பே விரைவாக உதைக்க விதிகள் இடம் தருகின்றன. அதற்கு விசில் தேவையில்லை. ஆனால் சுவரைத் தள்ளி நிறுத்த நடுவர் தலையிட்டுவிட்டால் விசில் ஊதும்வரை பொறுத்தாக வேண்டும். இரண்டில் எது நடந்தது என்பதுதான் வழக்கு. கேரளாவின் ஆட்சேபத்தைச் சம்மேளனம் ஏற்கவில்லை. மஞ்சப்படை ரசிகர்கள் சம்மேளனத்தை ஏற்கவில்லை. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. என் கேள்வி சாயாக்கடைக்காரரின் சமாதானத்தைப் பற்றியது.

அந்தச் சமாதானம் உலகப் பொது. ஐரோப்பிய லீகுகளில் வாரந்தோறும் ஏதோ ஒரு பயிற்சியாளர் இதைச் சொல்கிறார்: நடுவர்களின் தவறான முடிவுகள் இன்று எங்களுக்கு எதிராக, நாளை எங்களுக்குச் சாதகமாக, சீசன் முடிவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் தொழிலில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பேனா நிற்கும். "சரியாகிவிடும்" என்றால் யார் சரியாக்குவார்கள்? "சரிக்கட்டப்படும்" என்றால் யாரால்? வாக்கியத்தில் எழுவாய் இல்லை. செய்கிறவர் இல்லாமலே ஒரு செயல் நடந்துவிடுகிறது.

எழுவாயைத் தேடினால் முதலில் அகப்படுவது கணிதம். நாணயத்தைச் சுண்டிக்கொண்டே போனால் பூவும் தலையும் பாதிப் பாதியை நெருங்கும். 1713இல், ஆசிரியர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின் வெளியான நூலில் ஜேக்கப் பெர்னூலி இதை நிரூபித்தார். ஆனால் அவர் நிரூபித்தது விகிதத்தைப் பற்றி. நாம் எடுத்துக்கொண்டது வித்தியாசத்தைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல. 100 முறை சுண்டினால் பூவுக்கும் தலைக்கும் இடையே சராசரியாக 8 அளவுக்கு வித்தியாசம் இருக்கும். 10,000 முறை சுண்டினால் அது சுமார் 80 ஆகிவிடும். நூற்றுக்கு எட்டு என்பது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது, உண்மை. ஆனால் 8 என்பது 80 ஆகிவிட்டது என்பதும் உண்மை. விகிதம் நெருங்குகிறது, வித்தியாசம் விரிகிறது. லீக் பட்டியலில் விகிதத்தை எழுதுவதில்லை. புள்ளிகளைத்தான் எழுதுகிறார்கள்.

சீசன் என்பதோ 10,000 ஆட்டமல்ல. 2022-23இல் சூப்பர் லீகில் 11 அணிகள், ஆளுக்கு 20 ஆட்டங்கள். 2024இல் கேரளத்துக்கென்றே தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவின் முதல் ஆண்டில் ஆளுக்கு 10 ஆட்டங்கள்தான். ஆட்டத்தின் போக்கையே மாற்றும் சர்ச்சைக்குரிய முடிவுகள் ஓர் அணிக்கு ஒரு சீசனில் நான்கு வருவதாக வைத்துக்கொள்வோம். நடுவர்கள் துளியும் பாரபட்சம் இல்லாதவர்கள், ஒவ்வொன்றும் பூவா தலையா என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு சாதகம், இரண்டு பாதகம் என்று சரியாகப் பிரிய வாய்ப்பு எட்டில் மூன்று மட்டுமே. நான்கைப் பத்தாக்கினால் நிலைமை மேம்படும் என்று தோன்றும். இல்லை. ஐந்துக்கு ஐந்து என்று அமையும் வாய்ப்பு நாலில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. நான்கும் எதிராகவே போக 16இல் ஒரு வாய்ப்பு. 11 அணிகள் உள்ள லீகில் ஏதாவது ஓர் அணிக்கு அந்தக் கதி நேர ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அந்த அணியின் ரசிகர்கள் சதி என்று கொடி பிடிப்பார்கள். சதி இல்லை. சரிக்கட்டலும் இல்லை.

இதிலும் எல்லா முடிவுகளும் ஒரே எடை என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. 4-0 என்று முன்னணியில் இருக்கும்போது கிடைக்கும் பெனால்டியும் கோலே இல்லாத ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் மறுக்கப்படும் பெனால்டியும் எண்ணிக்கையில் ஒன்றுக்கு ஒன்று. பலனில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கோவை ரசிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2018-19 ஐ-லீகில் சென்னை சிட்டி அணி 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் எடுத்துப் பட்டம் வென்றது. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. கடைசி நாளான 2019 மார்ச் 9இல் இரண்டு மைதானங்களில் பட்டம் ஊசலாடியது. கோவையில் மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே கோல் அடித்துவிட்டது. சென்னை சிட்டி ஒரு பெனால்டியில் சமன் செய்து, பிறகு 3-1 என்று வென்றது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவை 2-1 என்று வென்றும் பயனில்லை. ஒரு புள்ளி! நவம்பரிலோ டிசம்பரிலோ எங்கோ ஒரு கொடி ஒரு விநாடி முன்பின்னாக உயர்ந்திருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். அடுத்த சீசனில் அது "திரும்பி வந்திருக்கும்" என்று சொல்லவும் வழியில்லை. 2021-22 லீகில் சென்னை சிட்டி என்ற அணியே இல்லை.

சரி, திரும்பி வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். யாருக்கு வருகிறது? கண்டீரவா ஆட்டம் நடந்து 15 நாளில், மார்ச் 18இல், அதே பெங்களூரு கோவாவில் இறுதி ஆட்டம் ஆடியது. எதிரணி மோகன் பகான். பெங்களூரு 2-1 என்று முன்னணியில் இருந்தபோது, முடிய சில நிமிடங்கள் இருக்கையில், நடுவர் மோகன் பகானுக்குப் பெனால்டி கொடுத்தார். அது பெனால்டியே அல்ல என்பது பெங்களூர் தரப்பின் கட்சி. ஆட்டம் 2-2 ஆகி, பெனால்டி உதைகளில் பெங்களூரு தோற்றது. அணியின் உரிமையாளர் பார்த் ஜிண்டால், வீடியோ பார்த்து முடிவு செய்யும் 'வார்' முறை இந்தியாவுக்கு உடனே வேண்டும் என்றார். கேரளத்தில் பலருக்கு அன்று இனிப்புச் சாப்பிட்டதுபோல் இருந்தது. தெய்வம் நின்று கொல்லவில்லை, இரண்டே வாரத்தில் கொன்றுவிட்டது என்று ஆறுதல்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பெங்களூரு இழந்தது, பெற்றது மோகன் பகான். கேரளாவின் ஏட்டில் ஒரு காசுகூட வரவில்லை. அடுத்தவன் வீட்டிலும் திருடு போனது என்பதால் என் வீட்டுப் பாத்திரம் திரும்பி வருவதில்லை.

பெரிய மேடையிலும் இதே கதை. 1966 ஜூலை 30இல் வெம்ப்ளியில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டைத் தாண்டியதா என்று இன்றும் வாதிடுகிறார்கள். கோல் என்றார்கள், இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியை வென்று உலகக் கோப்பையை வாங்கியது. 2010 ஜூன் 27இல் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டைனில் ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு உள்ளே தெள்ளத்தெளிவாக விழுந்தது. உலகமே பார்த்தது, நடுவர் குழு பார்க்கவில்லை. ஜெர்மனி 4-1 என்று வென்றது. 44 வருஷத்துக்குப் பிறகு கணக்கு நேராயிற்று என்று எழுதினார்கள். 1966இல் தோற்ற ஜெர்மன் தலைவர் ஊவே ஸீலர் உலகக் கோப்பையைத் தொடாமலே ஓய்வு பெற்றவர். லாம்பார்ட் பிறந்ததே 1978இல். எவர் பட்ட கடனை எவர் அடைத்தார்?

வள்ளுவர் ஊழ் என்ற அதிகாரத்தில் ஆகூழ், போகூழ் என்று இரண்டைச் சொல்கிறார். ஆக்கும் ஊழ் ஒன்று, போக்கும் ஊழ் ஒன்று. இரண்டும் சம அளவில் வரும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அந்த உத்தரவாதத்தை நாமாகச் சேர்த்துக்கொண்டோம்.

அதோடு, சுண்டுகிற நாணயமே கொஞ்சம் கோணல். இங்கிலாந்தில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களைத் திரையில் காட்டினார்கள். சிலருக்குக் கூட்டத்தின் இரைச்சலோடு, சிலருக்கு ஒலி இல்லாமல். இரைச்சலோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவு. கொரோனா காலத்தில் காலி மைதானங்களில் நடந்த ஐரோப்பிய ஆட்டங்களை ஆராய்ந்தவர்களும் இதை ஒட்டியே கண்டார்கள்: கூட்டம் இல்லாதபோது வெளியூர் அணி வாங்கும் மஞ்சள் அட்டைகள் குறைந்தன. யாரும் லஞ்சம் வாங்கவில்லை. நடுவருக்கும் காது இருக்கிறது, அவ்வளவுதான். கொச்சி கலூர் மைதானத்தில் ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒரே குரலில் கத்தும்போது மஞ்சள் அணிக்கும் இந்தச் சலுகை கிடைக்காமல் இருந்திருக்காது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கூட்டம் தரும் இந்தச் சலுகை லீகில் பெருமளவு சரியாகிவிடுகிறது. காரணம், ஒவ்வோர் அணியும் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று ஆட வேண்டும் என யாரோ உட்கார்ந்து அட்டவணை போட்டிருக்கிறார்கள். வெயிலும் காற்றும் சரியாகின்றன. காரணம், இடைவேளைக்குப் பின் பக்கம் மாற வேண்டும் என்று விதி இருக்கிறது. வெளியேற்றச் சுற்றில் ஒரே ஆட்டம், அதுவும் மேலே இருப்பவரின் மைதானத்தில் என்று விதி வைத்தால் அங்கே எதுவும் சரியாகாது. லாம்பார்டின் கோலுக்கு ஃபிஃபா தலைவர் மன்னிப்புக் கேட்டார். 2012இல் கோல்கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 2014 உலகக் கோப்பையில் அது வந்துவிட்டது. 2018இல் வார் வந்தது. வார் வந்த பின்னும் சச்சரவு ஓயவில்லை என்பது தெரியும். ஆனால் கோட்டைத் தாண்டிய பந்துக்காக 44 வருஷம் காத்திருக்கும் நிலை போயிற்று.

தமிழில் விதி என்பது ஒரே சொல். தலையெழுத்துக்கும் அதுதான், சட்டதிட்டத்துக்கும் அதுதான். மொழிபெயர்ப்பில் இது ஓயாத தொல்லை. கால்பந்தில் இது பாடம். இரண்டாவது விதியால் ஆகக்கூடியதை முதலாவதிடம் தள்ளிவிடுவதற்குத்தான் "எல்லாம் சரியாகிவிடும்" என்ற வாக்கியம் பயன்படுகிறது. அதை யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அன்று லாபம் அடைந்தவர். அல்லது நடுவர்களுக்குப் பயிற்சியும் கருவியும் தர வேண்டிய நிர்வாகம். நஷ்டப்பட்டவர் சொன்னால் அது பெருந்தன்மை. மற்றவர் சொன்னால் கைகழுவல்.

அதே சமயம், டிரைவருக்குச் சொல்லத் தயங்கிய இன்னொன்றும் உண்டு. சேத்ரி உதைத்தபோது ஆட்டம் முடிந்துவிடவில்லை. ஏறத்தாழ 23 நிமிடம் மிச்சம் இருந்தது. 23 நிமிடத்தில் சமன் செய்யலாம், வெல்லலாம். குறைந்தது தோற்றாவது போகலாம். நடுவரின் முடிவு கேரளாவுக்கு ஒரு கோலைத்தான் நஷ்டமாக்கியது. அந்த 23 நிமிடத்தை நஷ்டமாக்கியது நடுவர் அல்ல. அநியாயம் அந்த இடத்திலேயே சரிக்கட்டப்பட வேண்டும் என்ற கோபம், இன்னும் எழுதப்படாத பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டது. திரும்பி வந்த அணியைக் கொச்சியில் ரசிகர்கள் கொண்டாடி வரவேற்றார்கள். மானம் காத்தார்கள் என்று மகிழ்ந்தார்கள். நானும் அந்த இடத்தில் நின்றிருந்தால் கத்தியிருப்பேன். ஆனால் ஊழை எழுதிய அதே வள்ளுவர்தான் ஆள்வினையுடைமையும் எழுதினார். சோராமல் முயல்கிறவர் ஊழையே புறங்காட்டி ஓடச் செய்வார் என்பது அவர் கட்சி. ஓடுவது ஊழாக இருக்க வேண்டும், ஆட்டக்காரராக அல்ல.

நடுவரையும் நினைத்துப் பார்க்கிறேன். அவர் ஒரு முறைதான் பார்க்கிறார், ஓடிக்கொண்டே பார்க்கிறார். நாம் பத்துக் கோணத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு அவரைக் குருடர் என்கிறோம். அவர் நூறு ஆட்டங்களில் சரியாக ஊதியது எந்த ஏட்டிலும் ஏறாது. ஒரு ஊதாத விசில் ஆயுள்வரை பின்தொடரும். அவருக்கும் எதுவும் சரிக்கட்டப்படுவதில்லை.

ஆகவே, "வருமா சார்?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: வராது. போனது போனதுதான். இனி போகாமல் இருக்க ஏதாவது செய்யலாம். மிச்சமுள்ள நிமிடங்களை ஆடலாம். அதற்கு மேலும் கெட்டால் அதற்குப் பெயர் துரதிருஷ்டம். அதைச் சதி என்று சொல்ல வேண்டாம், நீதி தாமதமாகிறது என்றும் சொல்ல வேண்டாம்.

இதைச் சொல்லியிருக்கலாம். அதற்குள் பனி கலைந்துவிட்டது. பெரியவருக்குக் காசு கொடுத்துவிட்டு ஏறினோம். இடது வளைவு, வலது வளைவு. ஒரு வளைவில் தவறினால் அடுத்த வளைவு வந்து ஈடுகட்டப் போவதில்லை. டிரைவர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஹாரன் அடித்தார். ஏழெட்டு வளைவு தாண்டிய பின்னும் எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. "இவ்வளவு நேரம் யாரும் வரலையே, எதுக்கு அடிக்கிறீங்க?" என்றேன்.

"இதுவரைக்கும் வரலைன்னா அடுத்ததிலயும் வராதுன்னு அர்த்தமா சார்?" என்று சொல்லிவிட்டு மறுபடி அடித்தார்.